மீதியை நடந்து வந்து வாங்கிக்கணும்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கல்லாவில் நான். மின்விசிறிக்கு நேர்கீழே, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்னைப் பெற்ற அய்யா. வாசல்படியில் காலை நீட்டி இடது முட்டியைத் தடவிக்கொண்டு மீன்கூடை சூசையம்மா. ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில், மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டு லீவுக்கு வந்திருந்த பிரின்சி. இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் ஒரு மாதம் ஆகியிருந்ததால் அதன் முன்னால் யாரும் இல்லை. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தும் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற கண்டக்டர். சுவரில் மாதா படம். மாதாவையும் சேர்த்தால் ஆறு. நான் ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்த விஷயம் வெளியே வந்தபோது சாட்சிக்கு இவ்வளவு பேர்தான் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொன்னார்கள்.

கண்டக்டருக்கு ஒரு பெயர் உண்டு. பென்ஷன் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவள் என்பதால் எனக்குத் தெரியும். ஆனால் தங்கச்சிமடத்தில் ஒருவரும் அந்தப் பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. சொந்த ஊர் உத்தரகோசமங்கைப் பக்கம். விவசாயக் குடும்பம். பாம்பன் ரோட்டுப் பாலம் வருவதற்கு முன்னால் ராமேஸ்வரம் தீவுக்குள்ளேயே சுற்றிய பஸ்ஸிலும், பாலம் வந்த பிறகு ராமநாதபுரம் போய்வந்த பஸ்ஸிலும் ஏறக்குறைய முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர். ரிட்டயர் ஆனால் மற்றவர்கள் சொந்த ஊருக்குப் போவார்கள். இவர் எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தார்.

"ஊருல போயி நிம்மதியா இருக்கலாம்லண்ணே," என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்கன என்னைய யாருக்குத்தா தெரியும்? முப்பது வருசமா நான் ஏச்சு வாங்குனது பூராம் இங்கனதான," என்றார்.

அவரிடம் ஒரு குணம். உட்கார்ந்திருக்கிற ஆளைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "உள்ள போங்க, உள்ள போங்க, கம்பியப் பிடிச்சு அப்படியே நவந்து போங்க" என்று சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே தங்கிவிட்டது. துக்க வீட்டுக்கு வந்தால் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, "கொஞ்சம் நவந்துக்கங்க" என்பார். பக்கத்தில் பத்து நாற்காலி காலியாகக் கிடக்கும். எங்கள் சர்ச் திருவிழாவுக்கும் வருவார். வேறு சாமி கும்பிடுகிறவர்தான். ஆனாலும் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிற வரிசையைக் கண்டதும் அவர் கை தானாக உயர்ந்துவிடும். "நிக்காதீங்க, முன்னாடி போங்க." அந்த வருஷம் பூசை பத்து நிமிஷம் முன்னதாக முடிந்தது என்று எங்கள் பங்குச் சாமியாரே சொன்னார். குறையாகச் சொன்னாரா, மெச்சிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவரும் உட்கார மாட்டார். கடைக்கு வந்தால், ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்றபடியே ஒரு மணி நேரம் பேசுவார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடையே பாம்பனைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா போனதும் தம்பிக்குச் சோறாக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தத் தம்பிதான் பிறகு சவூதி போய்ப் பணம் அனுப்பி, நான் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தை பிரவுசிங் சென்டராக மாற்றினான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது. எதை எங்கே அமுக்கினால் என்ன வரும் என்று, அடுப்படி டப்பாக்களை இடம் பார்த்து எடுக்கிற மாதிரி பழகிவைத்திருந்தேன். பயம் மட்டும் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. மழை பெய்தால் ஒயர் வழியாக இடி இறங்கிவிடுமோ என்று பயம். பெய்யாவிட்டால் கிணறு வற்றிவிடுமோ என்று பயம். ஒருநாள் தலைவலிக்கு என்ன செய்யலாம் என்று பிரின்சியை விட்டு நெட்டில் தேடச் சொன்னேன். மூளையில் கட்டி என்று ஒரு பக்கம் வந்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் தலைவலி போய்விட்டது. எப்படிப் போனது என்று அதற்கும் பயந்தேன்.

அய்யா ஐம்பது வருஷம் வல்லம் என்கிற நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு விட்டுப்போய், ராமநாதபுரத்தில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். "மறுபடி கூட்டிட்டு வாங்க, நடக்கப் பழக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. பஸ்ஸில் ஏற்றும்போது இன்னொரு முறை விழுந்துவிட்டால்?

கடைக்குப் பின்னால்தான் வீடு. காலையில் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரவைப்பேன். "எந்திரிக்காதீக அய்யா. என்ன வேணும்னாலும் என்னையக் கூப்பிடுங்க." ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைச் சொல்லியிருப்பேன். அவரும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார். பஸ் ஸ்டாப்பு டீக்கடையில் காலையும் மாலையும் சேக்காளிகளோடு டீ குடித்தவர். முதலில் அந்த டீக்கடை போயிற்று. பிறகு வாசல்படி போயிற்று. ஒரு வருஷம் ஆனபோது, கக்கூசுக்குப் போவதற்கே என் தோள் வேண்டியிருந்தது. தோளைப் பிடிக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே வருவார். நான் அதையும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்படி இருந்தபோதுதான் கண்டக்டர் ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அய்யாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா ஆரோக்கியம், இவரு சேரோட சேந்து வந்தவரா?"

"விழுந்துட்டாகண்ணே. அதான் உக்கார வச்சிருக்கேன்."

"எப்ப விழுந்தாரு?"

"போன வருசம்."

"போன வருசம் விழுந்தவரு இன்னும் எந்திரிக்கலையா?"

அய்யா சிரித்தார். ஒரு வருஷத்தில் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டுக் கையை நீட்டி, "ஏய் கண்டக்டரு, நீ எனக்கு மீதி தரணும்," என்றார்.

புத்தி தடுமாறிவிட்டதோ என்று நான் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அய்யா மேசை டிராயரில் இருந்த ஜெபப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அதற்குள் இருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட் விழுந்தது. பாலம் திறந்த புதிதில் மண்டபம் போன டிக்கெட். பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்திருக்கிறார். சில்லறை இல்லை என்று, கண்டக்டர்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, டிக்கெட்டுக்குப் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பென்சிலில் 7.25. பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சுழி. மண்டபத்தில் இறங்குகிற அவசரத்தில் கேட்க மறந்து, பிறகு கேட்கக் கூச்சப்பட்டு, ஆனால் தூக்கிப்போடவும் மனசில்லாமல் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "சுழி என்னதுதான். தர்றேன் பெரியவரே. ஆனா மீதிய எறங்குற எடத்துலதான் குடுப்போம், உக்காந்திருக்கிற எடத்துல குடுக்க மாட்டோம். பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கங்க."

கடையிலிருந்து பஸ் ஸ்டாப் நூற்றெண்பத்தெட்டு தப்படி. எண்ணுவது என் பழக்கம்.

"அண்ணே, ஏழேகால் ரூபாதான? நான் தந்துர்றேன் அய்யாவுக்கு. ஆள விட்டுருங்க," என்றேன்.

"உங்கிட்ட வாங்குறதுக்கா அவரு இத்தன வருசம் சீட்டப் பத்திரமா வச்சிருந்தாரு?" என்றவர், கம்ப்யூட்டரைக் காட்டினார். "இந்தப் பொட்டியில இல்லாதது இல்லைங்கிறாக. கால எந்திரிக்க வைக்க வழி இருக்கானு கேளு."

அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல நான் ஒற்றை விரலால் அடித்தேன். கண்டக்டரின் ஆங்கிலம் டிரிப் ஷீட் எழுதுகிற ஆங்கிலம். எண் தெரியும், ஊர்ப்பெயர் தெரியும். வாக்கியம் என்று வந்துவிட்டால் அவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. முதலில் வந்த பக்கத்தில் ஒரு கிழவர் வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு எண்ணெய் பாட்டில்.

"இது கள்ளப் பாஸு. தள்ளு."

"எப்படிண்ணே பாத்ததும் சொல்றீக?"

"பஸ் பாஸுல மூணு பாக்கணும். குடுத்தது யாரு, சீல் இருக்கா, தேதி முடிஞ்சுருச்சா. இதுல ஆளும் தெரியல, தேதியும் இல்ல, எண்ண பாட்டில் மட்டும் இருக்கு. பாஸ் குடுக்குறவன் எதுக்குத்தா எண்ண விக்கிறான்?"

இப்படி ஆறு பக்கத்தை இறக்கிவிட்டார். ஏழாவதாக ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் பக்கம் வந்தது. மேலே முத்திரை மாதிரி ஒன்று, கீழே அந்த வருஷத்துத் தேதி, விற்பனைக்கு ஒன்றும் இல்லை. வயதான வெள்ளைக்காரர்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற படம், நாற்காலி முதுகைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குகிற படம், காலைப் பக்கவாட்டில் நீட்டுகிற படம் என்று ஆறு படம். கண்டக்டர் அரைமணி நேரம் அதைச் சோதித்தார். "இது ஒரிஜினல். பிரிண்டு போடு."

மொத்தம் இரண்டு பக்கம். முதல் பக்கம் பூராம் படம். இரண்டாவதில் வெறும் எழுத்தும், சிவப்புக் கட்டம் போட்டு நாலைந்து வரியும். பிரிண்ட் பக்கத்துக்கு ஐந்து ரூபாய். மை தீர்கிற நேரம் வேறு. மை வாங்க ராமநாதபுரம் போக வேண்டும், போனால் அய்யாவை யார் பார்ப்பார்கள்.

"ரெண்டாவதுல படம் இல்லண்ணே. எதுக்கு அஞ்சு ரூபா தெண்டம்?"

"சரித்தா. மொதப் பக்கம் மட்டும் குடு."

மறுநாள் காலை பழைய விசிலோடு வந்துவிட்டார். ஒற்றை விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரட்டை விசில் அடித்தால் கிளம்பும். அய்யாவுக்கு அதே சட்டம். இரட்டை விசிலுக்கு நாற்காலிக் கைப்பிடியை அழுத்தி எழுந்திருக்க வேண்டும். ஒற்றை விசிலுக்கு மெதுவாக உட்கார வேண்டும். முதல் நாள் இரண்டு தடவை. நான் பின்னால் நின்று, மரத்திலிருந்து விழப்போகிற தேங்காயைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தேன்.

"நீ எதுக்குத்தா கைய விரிச்சுக்கிட்டு நிக்கிற? உன்னையப் பாத்தாலே எனக்கு விழணும்போல இருக்கு," என்றார் கண்டக்டர்.

செய்தி பரவியது. உடற்பயிற்சி என்று பரவவில்லை. கண்டக்டர் பழைய மீதியைத் திருப்பித் தருகிறாராம் என்று பரவியது. டிக்கெட் வைத்திருந்தவர்கள் டிக்கெட்டோடும், இல்லாதவர்கள் சத்தியத்தோடும் வந்தார்கள். முதலில் வந்தது சூசையம்மா. கூடை சுமந்து சுமந்து முட்டி தேய்ந்து, வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து வருஷக்கணக்காகிவிட்டவள். முக்கால் ரூபாய் வர வேண்டும் என்றதும் எழுந்து வந்துவிட்டாள்.

"என் கூடைக்கு லக்கேஜ் போட்ட பாவி. இப்ப என் முட்டிக்கும் விசில் அடிக்க வந்துட்டியா?"

"கூடையக் கால்ல இடிக்காம உள்ள தள்ளுனு சொன்னேன்ல அன்னைக்கே. கேட்டியா?"

"நீ சொன்னதக் கேட்டிருந்தா நான் டிரைவர் மடியிலல்ல போயி உக்காந்திருக்கணும்."

இப்படி ஏழு பேர் சேர்ந்தார்கள். அய்யா கடையிலேயே செய்வார்; மற்றவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு பஸ் ஸ்டாப் நிழற்குடை. கண்டக்டர் ஒன்றாம் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தூணில் ஒட்டியிருந்தார். ஒருநாள் ராமேஸ்வரம் பஸ் வந்து நின்றிருக்கிறது. அதன் கண்டக்டர் டீ குடிக்க இறங்கியிருக்கிறார். இவர் கிழவிகளை எழுப்ப இரட்டை விசில் அடித்தார். கிழவிகள் எழுந்தார்கள். பஸ்ஸும் கிளம்பிவிட்டது. டீ கிளாஸோடு அந்தக் கண்டக்டர் சாலையில் ஓடினார். இவர் பதறி ஒற்றை விசில் அடித்தார். கிழவிகள் உட்கார்ந்தார்கள். பஸ் நிற்கவில்லை. பாம்பன் ஆட்டோ ஒன்றைத் திருப்பி, அந்த ஆளை ஏற்றிவிட்டுப் பிடித்துக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பஸ் நிற்கும்போது விசில் கூடாது, வாயால் சொல்ல வேண்டும் என்று டீக்கடைக்காரர் சட்டம் போட்டார்.

நாற்பது நாள் போயிருக்கும். இனி அந்த ஐந்து பேர் இருந்த நாளுக்கு வருகிறேன்.

சூசையம்மா வாசல்படியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "ஏ கண்டக்டரு, என் வலது காலு குமரிக் காலாயிருச்சு. இடது காலு அதே கெழவி காலு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது."

"எனக்கும் அப்படித்தான். வலது பாலத்துத் தூணு மாதிரி நிக்கிது. இடது ஈரத்துணியா இருக்கு," என்றார் அய்யா.

கண்டக்டர் முகம் சுருங்கியது. பிரின்சி திரும்பி, "எந்தக் கால்ல செய்றீங்க?" என்றாள்.

"படத்துல இருக்க கால்ல," என்று கண்டக்டர் தாளை நீட்டினார்.

"அப்ப ரெண்டாவது பக்கம் எங்க?"

தாளின் மூலையில் 1/2 என்று இருந்தது. அவளே அந்தப் பக்கத்தைத் திறந்து, ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு பயிற்சியையும் மறு காலிலும் இதே போலச் செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. படத்தில் எல்லாருமே வலது காலைத் தூக்கியிருந்தார்கள். எங்கள் ஊர்க் கிழடுகள் ஏழு பேரும் நாற்பது நாளாக வலது காலை மட்டும் வளர்த்திருக்கிறார்கள். சூசையம்மா சிரித்துச் சிரித்துப் படியிலிருந்து சரிந்தே விட்டாள்.

"அந்தச் சிவப்புக் கட்டம்?" என்று கண்டக்டர் கேட்டார்.

பிரின்சி கொஞ்சம் தயங்கித்தான் படித்தாள். கீழே விழுந்தவர்கள், எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்தவர்கள், டாக்டரைக் கேட்ட பிறகுதான் எதையும் தொடங்க வேண்டும்.

கண்டக்டர் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்த அந்த நாற்காலியில். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சூசையம்மாவின் சிரிப்பு நின்றுபோனது.

"டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதியே காலந்தள்ளுன பய நான். இதுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்குமேன்னு தோணலையே," என்றார். குரல் அவர் குரல் மாதிரி இல்லை. "பெரியவரு எங்கயாச்சும் விழுந்து வச்சிருந்தா..."

"நான்தாண்ணே வேணாம்னேன். அஞ்சு ரூபாய்க்குப் பாத்து," என்றேன். அய்யாவின் காலுக்குள் கம்பி வளைந்து கிடப்பது மாதிரியும், எல்லாரும் என்னைச் சுற்றி நிற்பது மாதிரியும் கண்ணுக்குள் ஓடியது.

அய்யாதான் பேசினார். "ஏலே கண்டக்டரு, நீ உக்காந்துட்டா எப்படி? இப்ப ஒனக்கு யாரு டபுள் விசில் அடிக்கிறது?"

மறுநாள் காலை அய்யா, கண்டக்டர், நான் மூன்று பேரும் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பஸ் படியில் அய்யா வலது காலைத்தான் முதலில் வைத்தார். அது நல்ல கால். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் உள்ளே போயிருந்தார். கண்டக்டர் பின்னால் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஆரம்பித்தார். "அண்ணே, இது என் பஸ்ஸு," என்றார் பஸ்ஸில் இருந்த கண்டக்டர். டீ கிளாஸோடு ஓடிய அதே ஆள்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். காலை மடக்கினார், நீட்டினார், அய்யாவை எழுந்து நிற்கச் சொன்னார். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் ஒரு வருஷம்.

"எலும்பு நல்லாச் சேந்திருக்கு. கம்பியும் சரியா இருக்கு. அசையாம இருந்ததுதான் காலைக் கெடுத்திருக்கு. யார் இவரை இப்படி உக்கார வச்சே வச்சிருந்தது?"

நான் தரையைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார்.

"அந்தச் சேரு டாக்டர். ரொம்ப வசதியான சேரு. கைப்பிடி வேற வச்சிருக்கான்."

டாக்டர் சிரித்துவிட்டார். எங்கள் ஒன்றாம் பக்கத்தை வாங்கிப் பார்த்து, ஆறு படத்தில் இரண்டை இவருக்கு வேண்டாம் என்று அடித்தார். மற்ற நான்கையும் இரண்டு காலிலும் செய்யலாம், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், வெளியே நடக்கக் கைத்தடி வேண்டும் என்றார். சூசையம்மாவையும் மற்றவர்களையும் ஒருதரம் கூட்டிவந்து காட்டச் சொன்னார். பேனாவால் அடித்திருந்த அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இப்பத்தான் சீல் விழுந்திருக்கு," என்றார் கண்டக்டர். திரும்பிவரும் வழியில் அவர் என்னிடம் சிவப்புக் கட்டத்தைப் பற்றியோ நாற்காலியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பாலத்தில் வரும்போது மட்டும், "சன்னலப் பிடிச்சுக்கத்தா, காத்து அடிக்குது," என்றார்.

இடது கால் வலது காலை எட்டிப்பிடிக்க ஒன்றரை மாதம் ஆனது. ஒருநாள் நான்கு மணிக்கு அய்யா சட்டையைப் போட்டு, தடியை எடுத்தார்.

"எங்கய்யா?"

"வசூலுக்கு."

கண்டக்டர் வந்து கூட்டிப்போகவில்லை. நூற்றெண்பத்தெட்டு தப்படிக்கு அந்தப் பக்கம் நிழற்குடையில் நின்றுகொண்டிருந்தார். அய்யா முன்னால் நடந்தார். நான் பின்னால். ஒரு தோளில் தண்ணீர் பாட்டில், ஒரு கையில் துண்டு, இன்னொரு கையில் அந்த பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் எங்காவது தலை சுற்றினால் உட்காரவைக்க வேண்டுமே. தொண்ணூறு தப்படி வரைக்கும் எண்ணிக்கொண்டு போனேன். அப்போது கண்டக்டர் தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் கத்தினார்.

"ஏத்தா, அந்தச் சேர அங்கனயே போட்டுட்டு வா."

போட்டுவிட்டேன். சாலையோரத்தில், வேலிக்கருவைப் பக்கத்தில். அய்யா திரும்பியே பார்க்கவில்லை. எண்ணிக்கை விட்டுப்போனது. நான் பார்த்தபோது அவர் டீக்கடை பெஞ்சைத் தாண்டி நிழற்குடைத் தூணைப் பிடித்து நின்று, ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் பழைய தோல்பையைத் திறந்து, அதில் ஒரு காசை வைத்தார்.

"என்னலே இது?"

"நாலணா."

"ஏழேகால் ரூபாலே நீ தரணும்."

"சில்லறை இல்ல பெரியவரே. நாளைக்கு வாங்க."

அந்தப் பை காசு கனத்தில் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் சில்லறை இல்லை என்று சொன்ன மனுஷனிடம் இவ்வளவு சில்லறை இருந்தது என்பதைச் சூசையம்மா அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். அவளுக்கும் ஐந்து பைசாதான் கொடுத்தார். அது செல்லாது என்று அவள் சண்டை போட்டாள். செல்லாவிட்டால் திருப்பிக் கொடு, நாளைக்கு வேறு தருகிறேன் என்றார். நாளைக்கும் வந்தாள்.

ஒவ்வொரு நாளும் நாலணா. ஒவ்வொரு நாளும் பாக்கியை எழுதிச் சுழி போட வேண்டும் என்று அய்யா கறாராக இருந்தார். டிக்கெட்டில் இடம் போதாமல், டாக்டர் அடித்துக் கொடுத்த அந்த ஒன்றாம் பக்கத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்கள். ஏழு ரூபாய், ஆறே முக்கால், ஆறரை. ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லை. மழை நாளில் லீவு. அதைத் தவிர அய்யா ஒரு நாளும் தவறவில்லை. கக்கூசுக்கு என் தோளைக் கேட்பது எப்போது நின்றது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவள், இதை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

இருபத்துநான்கு நாலணா கொடுத்திருந்தபோது கண்டக்டரின் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். கண்ணில் புரை, தனியாக இருக்க வேண்டாம், அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றான். கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாப்பில் ஏழு கிழடுகளும் நின்றார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

"என் பாக்கி?" என்றார் அய்யா.

"வந்து தர்றேன். இங்கனதான் தருவேன், வேற எங்கயும் தரமாட்டேன். நாலு மணிக்கு வந்து பாத்துக்கங்க," என்று சொல்லி ஏறினார். மகன் இடம் பிடித்து வைத்திருந்தான். பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் போனார்.

அது ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூர் நம்பர் என்னிடம் இருக்கிறது. அடிக்கவில்லை. யார் எடுப்பார்களோ, என்ன சொல்வார்களோ. கேட்காதவரைக்கும் அவர் அங்கே யாரையோ உள்ளே போகச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். வேலிக்கருவைப் பக்கம் போட்ட நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை நான் தேடவில்லை.

நான்கு மணி ஆனால் அய்யா சட்டையைப் போடுகிறார். மழை வரும் போலிருக்கிறது, இன்றைக்கு வேண்டாமே என்று நான் இன்றும் சொல்லத்தான் செய்கிறேன்.

"பாக்கி இருக்குத்தா," என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

தாளை நான்தான் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். முன்பக்கம் நாற்காலியைப் பிடித்து வலது காலைத் தூக்கி நிற்கிற வெள்ளைக்காரக் கிழவி. பின்பக்கம் வரிசையாக அடித்து அடித்து எழுதிய தொகைகள். கடைசித் தொகை அடிக்கப்படாமல், சுழியோடு அப்படியே இருக்கிறது. ஒரு ரூபாய் இருபத்தைந்து பைசா.